கூப்பிடாத டீச்சர்

அவர் யாரையும் 'வா' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளை மட்டுமல்ல, தெருவில் போகும் கீரைக்கார அம்மாவைக்கூடக் கூப்பிட மாட்டார். கீரை வேண்டுமென்றால் வாசலில் போய் நிற்பார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தால் வாங்குவார். பார்க்காமல் போய்விட்டால் அன்றைக்குக் கீரை கிடையாது. அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே அவருக்கு முகம் மாறிவிடும். பெரம்பலூர் மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த எங்களுக்கெல்லாம் அவர் 'விளையாட்டு டீச்சர்'.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அவரை முதலில் பார்த்தேன். என் மகன் மணிக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று திருச்சிக்குக் கொண்டு போனோம். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, இதற்குப் பேர் ஆட்டிசம் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகினோம், ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று. எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று வானத்தைப் பார்த்து நடக்கிற வெள்ளாமை. ஊரில் யாருக்கும் அந்தப் புது வார்த்தை தேவைப்படவில்லை. 'புத்தி சரியில்லாத புள்ள' என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

டாக்டரம்மாதான் பெரம்பலூரில் ஒரு மையம் இருப்பதாகச் சொன்னார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு வாடகை வீடு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நடத்தினார். அவரைச் செயலாளர் ஐயா என்போம். நான் மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது பின்பக்கத்துப் பெரிய அறையில், ஒரு பெண் குழந்தை தரையில் மல்லாந்து படுத்து மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் அதேபோல மல்லாந்து படுத்து அதே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிகிச்சைக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டேன்.

"அவங்கதாம்மா டீச்சரு" என்றார் லூர்து அக்கா. ஏலாக்குறிச்சியிலிருந்து வந்து, மையத்தில் சமையலும் பிள்ளைகளுக்குத் துணையுமாக இருந்தவர்.

மணி என் கையை உதறிவிட்டுக் கதவு மூலைக்குப் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"டேய், டீச்சர் கூப்பிடுறாங்க பாரு. வாடா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துச் சொன்னார். "நான் கூப்பிடலைங்க."

நான் மணியைத் தூக்கிவரப் போனேன்.

"அவரு இப்பத்தான வந்திருக்காரு. இருக்கட்டும்" என்றார்.

பிள்ளைகளை அவர் அப்படித்தான் சொல்வார். அவரு, அவங்க, வந்தாங்க, போனாங்க. நாலு வயதுப் பையனை ஒரு பெரியவர் 'அவரு' என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

மணியின் கையில் எப்போதும் ஒரு பிடி மக்காச்சோளம் இருக்கும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொட்டிக்கொண்டே இருப்பான். வீட்டில் பிடுங்கி வைப்போம், ஊரே கேட்க அலறுவான், மறுபடி கொடுப்போம். இதையெல்லாம் நான் அவரிடம் ஒரு குற்றம்போலச் சொன்னேன். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அந்த அறையில் ஒரு தாம்பாளம் நிறைய மக்காச்சோளம் இருந்தது. மணி ஒரு மூலை, அவர் இன்னொரு மூலை. அவரும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்காகவா காட்டு வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறோம் என்று எரிச்சலாக இருக்கும். தாம்பாளம் மட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கும். அதைக்கூட நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் மணி கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தன் உள்ளங்கையை விரித்து அவன் கைக்குக் கீழே தரையில் வைத்தார். மணி நிறுத்தினான். கையைத் தள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் கொட்டினான். அவர் கையை எடுக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. ரொம்ப நேரம் கழித்து மணி திரும்பி வந்து அந்த உள்ளங்கையில் கொஞ்சமாகக் கொட்டினான். அவர் அதை அவன் கையில் திருப்பிக் கொட்டினார். அவன் மறுபடி கொட்டினான். பிறகு தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான்.

என் முகத்தை அவன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாசல்படியில் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது அவர் செருப்பு கிடந்த பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல உங்க கையையும் வச்சுப் பாருங்க. அவரு போடலைன்னா எடுத்துடாதீங்க."

அன்று மத்தியானம் வீட்டு நடையில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று போடவில்லை. பல நாள் போடவில்லை. போட்ட அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. கூப்பிட்டுக் காட்டவும் ஆள் இல்லை.

பெரியவர்களோடு அவருக்கு ஒட்டாது. தினமும் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான். அதையும் பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். லூர்து அக்கா மீன் குழம்பு கொடுத்தால் "சரிங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வார், சாப்பிட மாட்டார். வெளியே பஸ் ஹாரன் அடித்தால் பேச்சை நடுவில் விட்டுவிட்டு, அது ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். செயலாளர் ஐயா மகள் கல்யாணத்துக்கு வந்தவர், மேளச் சத்தம் எழுந்ததும் மண்டபத்தைவிட்டு வெளியே போனார். திரும்ப வரவில்லை.

"நம்மளத்தான் அவங்களுக்குப் புடிக்கல போல" என்பார் லூர்து அக்கா. "புள்ளைங்ககிட்ட கெடக்குறாங்க. பெரியவங்க வந்தா செவத்தப் பாக்குறாங்க. எப்பிடித்தான் ஒண்டியா காலத்தத் தள்ளுறாங்களோ."

என் வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை, வெங்காயம் எடுத்து முடிந்த சமயத்தில் என்னோடு மையத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நேராக அவரிடம் கேட்டார்.

"எம்புள்ள பேசுவானாங்க?"

"தெரியாதுங்க."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியாதுங்க."

வீட்டுக்காரர் மணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "தெரியாதுன்னு சொல்ல ஒரு டீச்சரு. இதுக்கு நம்மூரு ஆளுங்களே போதுமே" என்று கேட்டைத் திறந்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கேட்வரை வந்திருந்தார். அப்படி யார் பின்னாலும் அவர் வந்து நான் பார்த்ததில்லை. "சார், அவருக்கு என்ன வரலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. என்ன வருதுன்னு நீங்க ஒரு வாரம் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர் கேட்டைச் சாத்திவிட்டு நடந்தார். ஆனால் அந்த வாரம் காட்டுக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் தப்பில்லை. வாரக் கடைசியில் என்னிடம் வந்து, ஏதோ இரகசியம்போலச் சொன்னார். "இவன் கோலத்தையே பாக்குறாண்டி. அழிக்கறதுக்கு இல்ல. புள்ளி புள்ளியா வெரல வச்சிக்கிட்டே போறான். ஒன்னுகூட விடல."

மணி எழுந்துவிட்டால் கோலத்தின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வான் என்பதால், அவன் எழுவதற்கு முன்பே அவசர அவசரமாகப் போட்டுவிட்டு அவனை வாசலுக்கு விடாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அந்த வாரம் வீட்டுக்காரர் அவனை வாசலில் விட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டையும் டீச்சரிடம் சொன்னேன்.

"சாரா பாத்தாரு?" என்று கேட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "இனிமே அவரையும் வச்சுக்கிட்டுப் போடுங்க. சொல்லிக் குடுக்க வேண்டாம். சேந்து வெளையாடுங்க, போதும்."

நான் புள்ளி வைப்பேன். அவன் புள்ளிமேல் மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டே வருவான். ஒருநாள் வேண்டுமென்றே நடுவில் ஒரு புள்ளியை விட்டேன். மணி அந்த இடத்துக்கு வந்ததும் நின்றான். கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வெறும் தரையில் சரியாக அந்த இடத்தில் ஒரு சோளத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஏமாற்றப் பார்த்தேன், அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம். அதன்பிறகு தினமும் அதுதான் எங்கள் பேச்சு.

எதிர்வீட்டு அக்கா, "ஆம்பளப் புள்ளயக் கோலம் போட வுடுறியே, பொம்பளப் புள்ளயாவா வளக்குற?" என்று சத்தமாகக் கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. அடுத்த சந்தையன்று வந்தவர், பையிலிருந்து கலர் கோலப்பொடிப் பொட்டலங்களை எடுத்து மணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

இன்றும் எங்கள் வாசலில் கோலம் மணியுடையதுதான். மார்கழியில் தெருவே நின்று பார்க்கும். பார்க்கிறவர்களை அவன் பார்க்க மாட்டான். பேச்சு என்று சில சொற்கள் வந்தன. தண்ணி, வூட்டுக்கு, புள்ளி. போதுமான அளவுக்கு வந்தன என்று சொல்ல முடியாது. எனக்குப் பழகிவிட்டது.

மணிக்கு ஒன்பது வயதானபோது நடந்த மையத்தின் ஆண்டு விழாவைச் சொல்ல வேண்டும். பெரிய ஆட்கள் வருகிறார்கள், பிள்ளைகள் மேடையில் நின்று ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்று செயலாளர் ஐயா ஆசைப்பட்டார். நல்ல மனிதர். அந்த வீட்டுக்கு வாடகை கட்டவே அலைந்துகொண்டிருந்தார். மைக்கை வைத்ததும் அது கிரீச்சென்று கத்தியது. ஃபேன் பார்க்கிற பெண் என்றேனே, ஜெயங்கொண்டத்து ரேவதி, அவள் மேடை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். டீச்சரும் அவள் பின்னால் புகுந்தார்.

"டீச்சர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் செயலாளர் ஐயா மேசைத் துணியைத் தூக்கினார். உள்ளே இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைக்குத் துணையாக டீச்சரும் அப்படிச் செய்து காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ரேவதிக்காக அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகளைப் போல இருந்து காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீங்களே இப்பிடிப் பண்ணா நான் யாருகிட்டப் போயி ஒதவி கேக்கறது?" என்று விழா முடிந்ததும் செயலாளர் ஐயா வருத்தத்தோடு கேட்டார்.

"சரிங்க ஐயா" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவர் மையத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "நானும் போயிக் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன். உள்ளதான் இருக்காங்க, தொறக்கல" என்றார் லூர்து அக்கா. மணியை அக்காவிடம் விட்டுவிட்டு நான் போனேன். கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு மேலே அவர் அறை. படி ஏறிப் போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். பிறகு தட்டவில்லை. மேல்படியில் உட்கார்ந்துகொண்டேன். வழியில் வாங்கிய மொச்சைக்காய் பையில் இருந்தது. முந்தானையை விரித்துப் போட்டு உரிக்க ஆரம்பித்தேன்.

வெயில் படியில் இறங்கிக் கீழே போய்விட்டது. தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவர் நிலைப்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை நீண்டு வந்து ஒரு பிடி மொச்சைக்காயை அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் உரித்தோம்.

"சின்னப்புள்ளையில என்னைய எல்லாரும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "இங்க வா, இங்க பாரு, மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லு. வீட்டுல, பள்ளிக்கூடத்துல, விருந்தாளி வந்தா, எல்லாரும். நான் இருக்கற எடத்துக்கு ஒருத்தரும் வரல."

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப யாரும் கூப்பிடறதில்ல."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அறைக்குள் ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொருவர் வந்தால் தண்ணீர் கொடுக்க இரண்டாவது டம்ளர் இல்லை.

ஒருநாள் எங்க வூட்டுக்கு வாங்க டீச்சர் என்று வாய்வரைக்கும் வந்தது. அதுவும் கூப்பிடுவதாகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டேன். நிறையப் பேசியிருக்கலாம் இருவரும். என்னையும்தான் ஊரில் வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை, மணி கத்துவான் என்று. அதையும் சொல்லவில்லை. உரித்த மொச்சையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் அவர் மையத்துக்கு வந்தார்.

அதன்பிறகு ஒரு வருஷம் போனது. அரியலூரை மறுபடி தனி மாவட்டம் ஆக்கப்போகிறார்கள் என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். மையத்துக்குப் புதிதாகப் பண உதவி செய்ய ஒருவர் முன்வந்தார். விளையாட்டு அறையில் மேசை நாற்காலி போட்டு, பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். "எல்லா எடத்துலயும் இப்ப அப்பிடித்தான் நடக்குது. நம்மளும் மாறணும்லம்மா" என்றார் செயலாளர் ஐயா.

"சரிங்க ஐயா" என்றார் டீச்சர். ஒத்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த மாதம் அவர் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டி பஸ் செய்துகொண்டு வந்தார். சக்கரத்துக்குப் பாட்டில் மூடிகள், மடக்கித் திறக்க ஒரு அட்டைக் கதவு. துணியில் சின்னதாக ஒரு பொம்மை. பொம்மை பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருக்கும். பிறகு பஸ்ஸில் ஏறும். பஸ் வாசல்வரை போகும். காலி பஸ் திரும்பி வரும். இதுதான் விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக விளையாடினார்.

மணிக்கு அது பிடிக்கவில்லை. பொம்மை ஏறியவுடனே கத்திக்கொண்டு போய் வெளியே எடுத்துப் போட்டான். அவர் தடுக்கவில்லை. பொம்மையை மறுபடி அவன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அடுத்த தடவையும் எடுத்துப் போட்டான். அதற்கடுத்த தடவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றான். வாரக்கணக்கில் இப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். மணிதான் பொம்மையை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பஸ்ஸுக்குள் உட்கார வைத்து அட்டைக் கதவை மூடினான். மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், வாசல்படி தாண்டி வெளியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பொம்மையை ஆளாக நினைத்து அவன் விளையாடியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரைக் காட்டிலேயே போய்ப் பிடித்துச் சொன்னேன். "பொம்மைய பஸ்ஸுல ஏத்தி வுடுறான். கதவ வேற சாத்துறான்." அவருக்கும் சந்தோஷம். எங்க போவுதாம் பஸ்ஸு என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அடுத்த தடவை நாங்கள் போனபோது அந்த அறையில் மேசைகள் வந்திருந்தன.

"டீச்சரு போயிட்டாங்கம்மா" என்றார் லூர்து அக்கா. "மதுர பக்கம் ஏதோ பள்ளிக்கூடமாம். ஐயாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லியிருக்காங்க. எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல பாரு. இத்தன வருசமா ஒன்னா இருந்தோம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ரேவதியின் அம்மாவும் வந்து விஷயம் தெரிந்து அழுதது. சொல்லாமல் போய்விட்டாரே என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். மணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அறைக்குள் போனான். கத்துவான், தேடுவான் என்று பயந்து பின்னால் ஓடினேன். அவன் தேடவில்லை. புது மேசைகளைச் சுற்றி நடந்து ஜன்னலுக்குக் கீழே அவனுக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தான். ரேவதியும் தேடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த விளையாட்டு விளங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தான் போகப்போவதை அவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று அவர்கள் இழுத்துப் போட்டபோதெல்லாம் இருந்திருக்கிறார். அவர்களாகக் கதவைச் சாத்தி அனுப்பிய பிறகுதான் கிளம்பியிருக்கிறார்.

எனக்கு யாரும் பஸ் ஓட்டிக் காட்டவில்லை.